சீப்பைக் கண்டால் ஓடும் பூனை

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவர்களுக்கு 'பில்லிங்' என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு துவைப்புக்குப் பிறகு டி-சர்ட்டின் அக்குளிலும் விலாப்பக்கத்திலும் பொடிப்பொடியாக உருண்டைகள் எழும்புமே, அதுதான். நூலுக்குள் அடங்காமல் நுனி நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் உரசி உரசி மேலே வருகின்றன, ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன, உருண்டையாகின்றன. உருண்டை உருவாவதைவிடத் தொல்லை தருவது அது உதிராமல் நிற்பது. சுத்தப் பருத்தியில், உருண்டையைத் துணியோடு கட்டிவைத்திருக்கும் பிடிப்பு இழைகள் சீக்கிரம் அறுந்துவிடுவதால் உருண்டை நாளடைவில் தானே விழும். பாலியஸ்டர் கலந்த துணியில் பிடிப்பு இழை லேசில் அறாது; உருண்டை துணியோடு கூடவே வரும். பயோ வாஷ் போடுவதும் இதற்காகத்தான்: செல்லுலேஸ் என்ற நொதி, நீட்டிக்கொண்டிருக்கும் பருத்தி நுனிகளை முன்கூட்டியே அரித்து எடுத்துவிடுகிறது. திருப்பூர் 15 வேலம்பாளையத்து வீடொன்றில் வளரும் பெர்சியன் பூனையின் காதுக்குப் பின்னாலும், முன்னங்கால் இடுக்கிலும், அடிவயிற்றிலும் திரளும் சிக்கு இதே முறையில்தான் உருவாகிறது. உரசல் மிகுந்த இடம், தளர்ந்த இழை, அறாத பிடிப்பு. துணிக்கும் பூனைக்கும் வித்தியாசம், பூனையில் அந்தப் பிடிப்பு இழையின் மறுமுனையை நரம்பு சுற்றியிருக்கிறது.

அதை மறந்துவிட்டுத்தான் நாம் பூனையின் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். "இது ஒரு மாதிரிப் பூனை, தொடவே விடாது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். பயந்த சுபாவம் என்று ஒன்று இல்லை என்று சொல்ல வரவில்லை. பிறந்த இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரையில் மனிதர் கை பழகாத குட்டி, பிற்பாடு மனிதரிடம் ஒட்டுவது கடினம். ஆனால் மடியில் வந்து படுக்கிற பூனை, தட்டை எடுத்தால் ஓடிவருகிற பூனை, சீப்பை எடுத்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போகிறது என்றால் அதைச் சுபாவத்தின் தலையில் கட்டுவது சரியில்லை. அங்கே நடந்திருப்பது பெரும்பாலும் ஒரு சுற்று: சிக்கு விழுகிறது, சீவும்போது வலிக்கிறது, வலியால் பயம் வருகிறது, பயத்தால் சீவுவது தள்ளிப்போகிறது, தள்ளிப்போகப் போகச் சிக்கு இறுகுகிறது, அடுத்த முறை இன்னும் வலிக்கிறது. இந்தச் சுற்றை எந்த இடத்தில் அறுப்பது என்பதுதான் கேள்வி. நாலு பேர் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சீவி முடிப்பவர்கள் அதன் மிகக் கடினமான இடத்தில் கை வைக்கிறார்கள். சிக்கு இல்லாத நாளில், வலி இல்லாத இடத்தில், பூனை விலகுவதற்கு முன்பே நிறுத்திவிடுகிற சின்னச் சீவலில்தான் அது சுலபமாக அறுபடும்.

நீள முடி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். பூனையின் ஒவ்வொரு முடியும் கொஞ்ச காலம் வளர்ந்து, நின்று, பிறகு உதிரும். 'வளர்ந்தது போதும்' என்று முடிக்குச் சொல்லும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் பெயர் எஃப்ஜிஎஃப்5. அது பழுதானால் வளர்ச்சிக் கட்டம் நீண்டுகொண்டே போகும். பூனைகளில் இந்த மரபணுவில் தனித்தனியாக ஏற்பட்ட நான்கு பழுதுகள் நீள முடிக்குக் காரணம் என்று 2007-இல் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இரு பக்கமிருந்தும் பழுதான படி வந்தால்தான் நீள முடி. ஒன்று சரியாக இருந்தாலும் குட்டைதான். பூனை கேட்டு வாங்கிய வரம் இல்லை இது. மனிதர்கள் அழகு பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. முடி நீண்டதோடு பெர்சியனுக்கு அடியில் உள்ள மென்மயிரும் அடர்த்தியானது. சிக்கு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்: உதிர்ந்த மென்மயிர் வெளியே விழ வழியில்லாமல் நீள முடிக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது.

மாட்டியது ஏன் இறுகுகிறது என்பதற்கு விடை முடியின் மேற்பரப்பில் இருக்கிறது. ஆட்டு உரோமத்தைப் போலவே பூனை முடியிலும் நுண்செதில்கள் உண்டு; எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்தவை. அதனால் முடி ஒரு திசையில் வழுக்கும், மறுதிசையில் பிடிக்கும். அசைவு ஒவ்வொன்றும் அதை ஒரே பக்கமாக நகர்த்துகிறது, திரும்பி வர விடுவதில்லை. பருத்தியில் செதில் கிடையாது. ஆகவே பருத்தி பில்லிங் ஆகலாமே தவிர, கம்பளிபோலத் திரண்டு பாயாகாது. ஈரமும் அசைவும் சேர்ந்தால் திரள்வது வேகமாகும். சிக்கோடு இருக்கும் பூனையை முதலில் குளிப்பாட்டிவிட்டுப் பிறகு சீவலாம் என்று நினைப்பவர்கள், கையால் தனியாகப் பிரித்திருக்கக்கூடிய சிக்கைத் தாங்களே தோலோடு இறுக்கிவைக்கிறார்கள். சீவிய பிறகுதான் தண்ணீர். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கலாம். முடி உதிர்வதைப் பகல் நீளத்தின் ஏற்ற இறக்கம் நெறிப்படுத்துகிறது. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். பதினோரு பாகை அட்சரேகையில் இருக்கும் திருப்பூரில் ஒன்றேகால் மணி நேரம்தான். இரவு பதினொன்று வரை டியூப் லைட் எரியும் வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு அந்தச் சிறு வித்தியாசமும் மங்கிவிடும். அதனால் 'உதிரும் பருவத்தில் மட்டும் சீவினால் போதும்' என்ற வெளிநாட்டு யோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை.

"காட்டுப் பூனைக்கு யார் சீவி விட்டார்கள்? அதற்குத்தான் நாக்கு இருக்கிறதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ ஆகிய இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை ஆறு வகைப் பூனையினங்களின் நாக்கை ஆராய்ந்தார்கள். நாக்கில் தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும் முட்களின் நுனி, கரண்டிபோலக் குழிந்தது. அந்தக் குழியில் எச்சிலை ஏற்றிக்கொண்டு போய் முடியின் அடிவரை சேர்க்கிறது. முள்ளின் உயரத்தையும், அழுத்தினால் முடி எவ்வளவு தடிமனுக்கு அமுங்கும் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முள் தோலை எட்டும் என்று தெரிந்தது. எட்டாத விதிவிலக்கு பெர்சியன். அதன் முடி அமுங்கினாலும் முள்ளின் உயரத்தைவிடத் தடிமனாக நிற்கிறது. நாம் முடியை நீட்டினோம். நாக்கின் முள்ளை நீட்டவில்லை. மிச்ச வேலை நம் கையில் வந்து விழுந்தது அப்படித்தான்.

அந்த முட்களைப் பற்றித் திருப்பூர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தியும் உண்டு. முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் நாக்கில் ஒட்டிய நூலைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போனால், குடல் அந்த நூலின் மேல் சுருக்குப்பைபோல மடிந்து, நூல் அதன் சுவரையே அறுத்துவிடும். உயிர் போகும் விஷயம். பவர் டேபிளில் தையல் நடக்கும் வீட்டிலும், பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கிவந்து செய்யும் இடத்திலும், கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் பூனை சுருண்டு தூங்குவது அதற்குச் சுகம்தான். ஆனால் முடியில் ஒட்டிய நூலெல்லாம் நாக்கு வழியாக வயிற்றுக்குப் போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, நேராக மருத்துவரிடம் போக வேண்டும். சீப்பில் வருகிற ஒவ்வொரு நூலும் வயிற்றுக்குப் போகாமல் தப்பிய நூல்.

இப்போது வலிக்கு வருவோம். முடியைத் தடவுவதும் இழுப்பதும் ஒரே உணர்வின் குறைவும் கூடுதலும் என்று நமக்குத் தோன்றுகிறது. தோலுக்குள் அப்படி இல்லை. மெதுவான வருடலுக்கு என்று தனி நரம்பிழைகள் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த சோட்டர்மன் 1939-இல் அவற்றைப் பதிவு செய்தது பூனையின் நரம்பிலேதான். முடி இழுபடுவதை அறிவிக்க வேறு நரம்பிழைகள். 2017-இல் எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று, முடியின் அடிக்கால்களை வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவகை வலி நரம்புகளைக் காட்டியது. தடவினால் அவை பேசாமல் இருக்கும். ஒரே ஒரு முடியை இழுத்தாலும் மிக வேகமாகச் செய்தி அனுப்பும். ஒரு சிக்கில் நூற்றுக்கணக்கான முடிகள் ஒன்றாகக் கட்டுண்டிருக்கின்றன. அதில் சீப்பைக் கொடுத்து இழுப்பது அத்தனை முடியையும் ஒருசேர இழுப்பது. சீப்பு பிடித்திருக்கும் கைக்கு அது ஒரு சிறு தடையாக மட்டுமே தெரியும். பூனைக்குத் தெரிவது வேறு.

இதற்கு மருந்து கைவசமே இருக்கிறது. சிக்குக்கும் தோலுக்கும் இடையில், முடியின் அடியை இடக்கையின் கட்டைவிரல், ஆட்காட்டி விரலால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இனி சீப்பு எவ்வளவு இழுத்தாலும் விசை விரலோடு நின்றுவிடும், வேருக்குப் போகாது. சிக்கின் வெளி நுனியிலிருந்து தொடங்கி, நாலைந்து முடியாக விடுவித்தபடி உள்நோக்கி வர வேண்டும். அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பில் போகக்கூடாது. சிக்கை முடி வளர்ந்த திசையிலேயே விரலால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல் அகன்ற உலோகச் சீப்பு ஒன்றும் நெருக்கமான பல் உள்ளது ஒன்றும் போதும். மேலாகப் பளபளவென்று வாரிவிடும் பிரஷ், அடி மென்மயிரைத் தொடாமல் 'சீவியாயிற்று' என்ற நம்பிக்கையை மட்டும் தரும்.

பயத்தை எடுப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடும்போது ஒரு வேடிக்கை தென்படுகிறது. மனிதர்களின் அச்சங்களை, உயரம், ஊசி, கரப்பான்பூச்சி எல்லாவற்றையும், படிப்படியாகப் பழக்கித் தீர்க்கும் சிகிச்சை பிறந்ததே பூனைகளை வைத்துத்தான். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர், 1940-களின் பிற்பகுதியில் கூண்டுக்குள் பூனைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார். இன்று அனுமதி கிடைக்காத கொடுமையான சோதனை. பிறகு அந்தப் பூனைகள் பசித்தாலும் கூண்டுக்குள் சாப்பிட மறுத்தன. கூண்டு இருந்த அறையிலேயே சாப்பிட மறுத்தன. வோல்பே அவற்றை, அந்த அறையைப் போலக் கொஞ்சமும் இல்லாத வேறோர் அறையில் வைத்து உணவு கொடுத்தார். அங்கே தயங்காமல் உண்ட பிறகு, சற்று ஒத்திருக்கும் அறை. அடுத்து இன்னும் ஒத்திருக்கும் அறை. கடைசியில் அதே கூண்டு. பயம் போயிருந்தது. பயமும் நிம்மதியான பசியும் ஒரே உடம்பில் ஒன்றாக இருக்க முடியாது, இரண்டில் எது அந்த இடத்தில் வலுவானதோ அது மற்றதைத் தள்ளும் என்பது அவர் கண்ட விளக்கம். 1958-இல் அவர் இதைப் புத்தகமாக எழுதினார். மனிதர்களுக்கான சிகிச்சையாக உலகெங்கும் பரவியது. பூனையிடமிருந்து எடுத்ததைப் பூனைக்கே திருப்பிக் கொடுப்பதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

வீட்டில் அதைச் செய்யும்போது வரிசை பிசகக்கூடாது. சீப்பு முதலில், உணவு பிறகு. உணவைக் காட்டி அழைத்துவந்து சீப்பை எடுத்தால், பூனை கற்றுக்கொள்வது 'உணவு வந்தால் வலி வரும்' என்பதைத்தான். சில நாளில் உணவையும் சந்தேகிக்கும். சீப்பு தரையில் தெரிகிறது, உப்பும் வெங்காயமும் போடாத வேகவைத்த கோழித்துண்டு ஒன்று விழுகிறது, சீப்பு மறைகிறது. அவ்வளவுதான் முதல் சில நாட்கள். (வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, குழம்பில் கிடந்த கறியைக் கழுவிக் கொடுப்பது வேண்டாம்.) அடுத்து, சீப்பின் முதுகால் கன்னத்தில் ஒரு தடவல். எங்கே தொடங்குவது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சாரா எல்லிஸ் குழுவினர் 2015-இல் பூனையின் உடம்பில் வெவ்வேறு இடங்களைத் தடவிப் பார்த்தபோது, அதிகம் எதிர்ப்பு வந்தது வால் தொடங்கும் இடத்தில்தான். கண்ணுக்கும் காதுக்கும் இடையில், கன்னத்தில், தாடையில் தொடங்கி, முதுகுக்கு வந்து, அடிவயிற்றையும் பின்னந்தொடையையும் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரம் சொல்லாது. வால் நுனி துடிக்கும், முதுகுத்தோல் ஒரு அலைபோல நெளியும், காது பக்கவாட்டில் திரும்பும், தலை சீப்பு வரும் பக்கம் வெடுக்கென்று போகும். முதல் அறிகுறியிலேயே சீப்பை எடுத்துவிட வேண்டும். அறிகுறி தெரிந்தும் 'இன்னும் ரெண்டே இழுப்பு' என்று தொடர்ந்தால், அடுத்த முறை அது அறிகுறி காட்டாமல் நேராகக் கடிக்கும். பல்தான் வேலை செய்கிறது என்று நாமே கற்றுக்கொடுத்திருப்போம்.

"இதெல்லாம் எதற்கு? தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில்தானே தூக்குகிறது. பிடரியைப் பிடித்தால் பூனை அடங்கிவிடும்" என்பவர்கள் பலர். இதற்கும் ஓர் அடிப்படை உண்டு, பொய்யில்லை. பிடரியில் கிளிப் மாட்டினால் பல பூனைகள் அசையாமல் போகின்றன என்று 2008-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு எழுதியது; வலியால் வரும் நிலை இல்லை என்றும் சொன்னது. ஆனால் அசையாமல் இருப்பதும் அமைதியாக இருப்பதும் ஒன்றா? கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பூனைகளைப் பிடிக்கும் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான ஆய்வில், உடம்பு முழுவதையும் அழுத்திப் பிடித்த பூனைகள் லேசாகக் கைவைத்துப் பிடித்தவற்றைவிட அதிகம் திமிறின. மூச்சு வேகமானது, கண்மணி விரிந்தது, காது படிந்தது. 2020-இல் பிடரியைப் பிடிப்பதையும் கிளிப்பையும் சோதித்தபோதும் லேசான பிடிதான் குறைவான எதிர்ப்பைத் தந்தது. அழுத்திப் பிடித்து ஒருமுறை சீவிவிடலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் நீள முடிப் பூனையை வாழ்நாள் முழுக்கச் சீவ வேண்டும். அடுத்த முறையின் செலவையும் சேர்த்துத்தான் இந்த முறையைக் கணக்கிட வேண்டும்.

நேரமில்லை என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். காலை எட்டரைக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்புகிறவரிடம் பூனைக்குப் பொறுமையாகப் பயிற்சி கொடுங்கள் என்பது எளிதான உபதேசம். ஆனால் இந்த முறை கேட்பது நீண்ட நேரத்தை இல்லை, அடிக்கடி வரும் சின்ன நேரத்தை. எப்படியும் பூனைக்குச் சாப்பாடு வைக்கத்தான் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ போதும். ஒரு நாள் கழுத்து, மறுநாள் முதுகு. வியன்னாவில் 22 பூனைகளை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பாதிப் பூனைகளுக்கு மட்டும் தூக்கிச் செல்லும் கூண்டைச் சிறுசிறு படிகளாகப் பழக்கினார்கள். மொத்தம் 28 அமர்வு. பழகிய பூனைகள் பயணத்தில் பதற்றம் குறைந்திருந்ததோடு, மருத்துவப் பரிசோதனையும் அவற்றுக்குச் சீக்கிரம் முடிந்தது. பழக்குவதற்குச் செலவழித்த நேரத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் இரண்டு மணி நேரம் போராடுவதில் எதுவும் திரும்பி வராது, கையில் கீறலைத் தவிர.

தேங்காய் எண்ணெய் தடவினால் சிக்கு விடுமே என்பார்கள். உராய்வு குறையும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் படிந்த முடி, பஞ்சு பறக்கும் இந்த ஊரில் தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பூனை அதை நக்கும். எண்ணெயை எடுக்கக் குளிப்பாட்ட வேண்டும். குளியலில் மிச்சச் சிக்கு இறுகும். கொஞ்சம் சோள மாவைத் தூவி விரலால் பிரிப்பது அதைவிட மேல். கத்தரிக்கோலால் வெட்டுவதுதான் பெரிய ஆபத்து. பூனைத்தோல் மெல்லியது, தளர்ந்தது. சிக்கைத் தூக்கினால் தோலும் கூடவே கூடாரம்போல எழும்பும், முடி எங்கே முடிகிறது தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தோலோடு வெட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வரும் பூனைகள் எந்த ஊரிலும் உண்டு. ட்ரிம்மருக்குச் சத்தம் ஒரு தடை: மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நிற்க, பூனைக்கு 85 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதையும் சீப்பைப் போலவே, முதலில் அணைத்த நிலையில், பிறகு அடுத்த அறையில் ஓடவிட்டு, பழக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

ஒழுங்காகச் சீவ விட்ட பூனை வயதான பிறகு மறுத்தால், முதலில் மூட்டைப் பாருங்கள். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. இடுப்பை வளைத்து நக்க முடியாததால் முதுகின் பின்பகுதியில் சிக்கு திரளும், அதே இடத்தைத் தொட்டாலும் வலிக்கும். இதற்குச் சீப்பு வைத்தியம் உதவாது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை நுணுக்கிக் கொடுத்துவிட வேண்டாம். அதைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை, ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

படிப்படியாகப் பழக்கும் முறைக்கும் எல்லை உண்டு. சிக்கு ஏற்கெனவே தோலோடு தகடாகிவிட்டது, அடியில் விரல் நுழையவில்லை, பூனை நடக்கும்போது தோல் இழுபடுகிறது என்றால், அது அன்றாடம் வலிக்கும் புண்; வாரக்கணக்கில் சீப்பைக் காட்டிப் பழக்கிக்கொண்டிருப்பது கொடுமை. அப்போது கால்நடை மருத்துவரிடம் மயக்கம் கொடுத்து மொத்தமாக வழித்துவிடுவதுதான் நியாயம். திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முடி திரும்ப வளரும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக. இமாலயன் வகையாக இருந்தால் வழித்த இடத்தில் புது முடி சில காலம் கறுப்பாக வரலாம். தோல் குளிர்ந்தால் நிறமி கூடும் வகை அது, நோய் இல்லை. அந்த நாலைந்து மாதத்தில் முடி குட்டையாக இருக்கும், சீப்பில் இழுபட எதுவும் இருக்காது. கோழித்துண்டோடு சீப்பை மறுபடி அறிமுகம் செய்ய அதைவிடத் தோதான காலம் கிடைக்காது.